ஒரே இரவில் மூடப்பட்ட குழு: இணையக் கற்றல் வலையமைப்பை மீண்டும் கட்டிய அனுபவம்

தொழிலில் எழும் ஐயங்களைக் கேட்டுத் தெளிவதற்காக இணையத்தில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தொடர்புகளில் பெரும்பகுதியை, ஒரு குழுவின் நிர்வாகி எடுத்த முடிவால் ஒரே இரவில் இழந்தேன். தரவுப் பகுப்பாய்வு என் வேலை. அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்பவர் வேறு யாரும் இல்லை என்பதால், கேட்க ஆள் வேண்டுமென்றால் வெளியேதான் தேட வேண்டியிருந்தது. கணக்குத் தொடங்குவது, சுயவிவரம் எழுதுவது, துறையில் பெயர் பெற்றவர்களைப் பின்தொடர்வது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

முதல் தடை, பதிலே வராத வேண்டுகோள்கள். ‘உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன்’ என்று எழுதும் செய்தியைப் பெறுபவர், தாம் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அதை ஒதுக்கிவிடுகிறார். மாறாக, ஒருவருடைய உரையைக் கேட்டபின், ‘விடுபட்ட மதிப்புகளைச் சராசரியால் நிரப்பினால் தரவின் பரவல் சுருங்கிவிடும் என்றீர்கள், கருத்துக்கணிப்பில் வருமானம் அதிகமுள்ளவர்களே வருமானம் பற்றிய கேள்வியைத் தவிர்த்திருந்தால் நீங்கள் எந்த முறையைக் கையாள்வீர்கள்?’ என்று எழுதியபோது மறுநாளே விரிவான விடை வந்தது. ஒரே அமர்வில் விடை சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். வேலை வாய்ப்பைப் பற்றிய பேச்சை முதல் கடிதத்தில் எடுக்கவே வேண்டாம்.

அடுத்ததாகச் சேர்ந்த உரையாடல் குழுதான் எனக்கு மிகுந்த பயனையும் மிகுந்த மனவருத்தத்தையும் தந்தது. இரண்டு அட்டவணைகளை ஜாயின் செய்தபின் (வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு ஒன்றாக இணைத்தபின்) மொத்த விற்பனைத் தொகை கூடுதலாகக் காட்டுகிறது என்று அங்கே கேட்டேன். ‘முன்பே விடையளிக்கப்பட்ட கேள்வி’ என்ற ஒற்றை வரியோடு நிர்வாகி அதை நீக்கிவிட்டார். அந்தப் பழைய விடையைத் தேடினால் கிடைக்கவில்லை. குழு இயங்கிய செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது. படிக்க முடியாத விடையைச் சுட்டிக்காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவது எந்த வகையிலும் நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

நீக்கப்படுவதற்கு முன்பே என் கேள்வியைப் படித்திருந்த ஓர் உறுப்பினர் தனிச்செய்தியில் வந்தார். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது அட்டவணையில் வாடிக்கையாளர் எண் திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு முகவரிகளைப் பதிந்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வரிகள் இருந்ததால், அவர்களுடைய ஒவ்வொரு விற்பனையும் இருமுறை கூட்டப்பட்டிருந்தது. ஒருவருக்கு ஒரு முகவரியை மட்டும் எடுத்து மீண்டும் இணைத்ததும் தொகை கணக்குப் பிரிவின் ஏட்டோடு பைசா பிசகாமல் பொருந்தியது. அந்த மகிழ்ச்சியை எளிதில் மறக்க மாட்டேன். (இத்தகைய கேள்விகளோடு அலுவலகத் தரவை ஒருபோதும் வெளியிடாதீர்கள்; அதே சிக்கலைக் காட்டும் ஐந்தாறு கற்பனை வரிகளே போதும், விடையும் விரைவாக வரும்.)

சில மாதங்களில், முன்னறிவிப்பு எதுவுமின்றி அந்தக் குழு மூடப்பட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் புனைபெயரில் இருந்ததால் அவர்களை வேறெங்கும் தேடிப்பிடிக்க வழியில்லை. தனிச்செய்தியில் மின்னஞ்சல் முகவரியைப் பகிர்ந்துகொண்ட சிலர் மட்டுமே மிஞ்சினார்கள். ஆனால் வலையமைப்பை மீண்டும் கட்ட உதவியவர்கள் அவர்களிலும் நெருக்கமானவர்கள் அல்லர். எப்போதோ ஓரிரு முறை பேசியவர்களே எனக்குத் தெரியாத புதிய குழுக்களையும் ஆட்களையும் அறிமுகப்படுத்தினார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் பேசுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்தித்ததாக 55.6 விழுக்காட்டினரும், அரிதாகச் சந்தித்ததாக 27.8 விழுக்காட்டினரும் சொன்னார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். ஆகவே பழக்கம் குறைந்தவர்களுக்கும் அவ்வப்போது ஒரு வரி எழுதி வையுங்கள்.

இம்முறை எதையும் ஒரே தளத்தை நம்பி விடவில்லை. வாசிக்கும் தளங்களை, புதிய பதிவுகளைத் தானாகவே கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் ஓடைகளாகச் சேர்த்து, அந்தப் பட்டியலை, பிற வாசிப்புச் செயலிகளிலும் ஏற்றக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாக என் கணினியில் வைத்திருக்கிறேன். இத்தகைய ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் சேவை 2013 ஜூலை 1 அன்று நிறுத்தப்பட்டபோது, பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள் அதை வேறொரு செயலியில் ஏற்றி வாசிப்பைத் தொடர முடிந்தது. லிங்க்ட்இன் தரும் தரவுக் கோப்பில் தொடர்புகளின் பெயர்கள் இருக்கும். மின்னஞ்சல் முகவரியோ அதற்கு அனுமதி அளித்தவர்களுடையது மட்டுமே இருக்கும் என்பதால், முக்கியமானவர்களிடம் நேரடியாகக் கேட்டு வாங்குவதே நல்லது. பலரும் தனித்தனி வழங்கிகளில் (சர்வர்களில்) நடத்தும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வரா. அவற்றைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

கிடைத்த விடைகளைக் கேள்வி, சூழல், தீர்வு, சொன்னவர் என்று பிரித்து அன்றன்றே சாதாரண உரைக்கோப்பில் எழுதி வைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் சொல்லைத் தேடுவது கடினம். நிரலின் வரிகளை அதிலிருந்து எடுத்து ஓட்டிப் பார்ப்பது அதைவிடக் கடினம்.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய குழுவில், ஒருவர் விலகினாலும் குழு நிற்காமலிருக்க நிர்வாகிகள் இருவர் இருக்கிறார்கள். குழு நடத்தும் மற்றவர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மூட முடிவெடுத்தால் தாராளமாக மூடுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக அறிவித்து, உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் முகவரியைப் பரிமாறிக்கொள்ளவும் தங்கள் உரையாடல்களை இறக்கிக்கொள்ளவும் அவகாசம் கொடுங்கள்.