பட்ஜெட் பேஸ் கிட்டார் வாங்கப்போகிறீர்களா? முதலில் நெக்கைப் பாருங்கள்

குறைந்த விலை பேஸில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி), பாட் (வால்யூம், டோன் குமிழ்), ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி), ஏன் பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக்கூட பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து, சரியில்லை என்றால் அந்த பேஸ் உங்களுக்கு வேண்டாம். ஆம்ப்பில் செருகுவதற்கு முன்பே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடலாம்.

பாடி முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரம் நேராகவும் இன்னொன்று வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மலிவான வைத்தியம் கிடையாது. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி அதைச் சரிசெய்யலாம்.

வளைவை அளக்க, தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. அளவு இடைவெளி இருக்கலாம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாமல் அடம்பிடித்தாலோ, முழுக்க இறுகியும் நெக் வளைந்தே நின்றாலோ அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பேஸை ஒதுக்காதீர்கள். கடையில் தொங்குபவை பெரும்பாலும் செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு முதலியவற்றைச் சரிசெய்வது) செய்யப்படாதவை. 17ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.4, மெல்லிய ஜி கம்பி 2 மி.மீ. வரை இரைச்சலில்லாமல் இறங்க இடமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கம்பி கரகரத்தால், அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். ஏடிஎம் கார்டை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள்: 12ஐத் தாண்டினால் குறுகிய பக்கம், அதற்கு முன் நீண்ட பக்கம். கார்டு தராசு போல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். ஒன்றிரண்டு என்றால் தட்டி உட்கார வைக்கலாம், ஐந்தாறு என்றால் ஃப்ரெட்டுகளைத் தேய்த்து ஒரே மட்டமாக்கும் லெவலிங் கூலியையும் விலையோடு கூட்டுங்கள்.

ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறுவது ஏசி அறையில் மரம் காய்ந்து சுருங்குவதால். அரத்தால் சரியாகிவிடும், ஆனால் பேரம் பேச நல்ல காரணம்.

அடுத்து, ஜி கம்பி கடைசி ஃப்ரெட்டுகளில் ஓரத்தை விட்டு நழுவுகிறதா? நான்கு நெக் ஸ்க்ரூவையும் லேசாகத் தளர்த்தி, நெக்கை இழுத்து நேராக்கி முடுக்கினால் பல நேரம் தீர்ந்துவிடும். இன்டனேஷனுக்கு (நெக் முழுக்க சுரம் சரியாக ஒலிக்கிறதா என்பதற்கு) 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும், அதாவது கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரத்தையும், அழுத்திய சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் பிரிட்ஜில் கம்பி அமரும் சாடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். பின்னால் போக இடமே மிச்சமில்லை என்றால், பழைய கம்பியா என்று முதலில் பாருங்கள், புதுக் கம்பியிலும் அதே கதை என்றால் பிரிட்ஜே தப்பான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது.

மர வகைப் பெயர்களுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 2017இல் ரோஸ்வுட் ஏற்றுமதிக்கு சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சர்வதேச உடன்படிக்கை) கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் நெக்கின் மேல்பலகையான ஃபிங்கர்போர்டுக்கு ‘இண்டியன் லாரல்’ பக்கம் போயின. நம் ஊர் கருமருதுதான் அது! 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் அது பட்ஜெட் மாடல்களில் தங்கிவிட்டது. தாழ்வான மரம் ஒன்றுமில்லை.

ஆம்ப்பில் செருகியதும் பாட்களைத் திருப்புங்கள். கரகரப்பு அற்ப விஷயம். கம்பியைத் தொட்டால் ஹம் என்ற ரீங்காரம் குறைய வேண்டும், எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம். ஜாஸ் பேஸ் வகையில் ஒரு பிக்கப்பை மட்டும் குறைக்கும்போது ஹம் எழுவது குறையல்ல, சிங்கிள் காயிலின் குணம். கேபிள் செருகும் ஜாக் முழுசாகச் சுற்றினால் உள்ளே வயர் முறுக்கி அறுந்துபோகும், நட்டை இறுக்கிவிட்டால் போதும். ‘ஆக்டிவ்’ (பேட்டரியில் இயங்கும் சர்க்யூட் உள்ளது) என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். பேட்டரியில்லாமலும் ஒலிக்க பாசிவ் சுவிட்ச் இல்லையென்றால், 9 வோல்ட் தீர்ந்த நொடியே மேடையில் நிசப்தம்தான்.

கடைசியாக, பெல்ட் மாட்டி நின்று இடக்கையை விடுங்கள். ட்யூனர்கள் இருக்கும் நெக் நுனியான ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்து இறங்கினால் இடத்தோள் வலி உறுதி. அகலமான தோல் பெல்ட் கொஞ்சம் உதவும், எடை குறைந்த ட்யூனர்கள் இன்னும் நன்றாக உதவும், ஆனால் நான்கு ட்யூனர் விலையில் பேஸின் கால்வாசி விலை போய்விடக்கூடும்.