மேரி லயன்: சுண்டெலியின் மயிர் நிறத்திலிருந்து ஒரு மரபியல் விதி

மரபியல் பாடத்தில் 'லயோனைசேஷன்' (பெண்ணின் செல்களில் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று செயலிழப்பது) என்ற சொல் வரும்போதெல்லாம், அப்பெயருக்கு உரிய மேரி லயனைப் பற்றி மாணவர்களிடம் சற்று விரிவாகவே பேசிவிடுகிறேன். 1925இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் பெயரளவிலான பட்டமே வழங்கியது. அங்கே புள்ளியியலாளரும் மரபியலாளருமான ஆர்.ஏ. ஃபிஷரிடம் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வை எடின்பரோவில், விலங்கு மரபியல் நிறுவனத்தில், முடித்தார். பிறகு இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் கதிர்வீச்சு மரபணுக்களுக்கு விளைவிக்கும் கேட்டைச் சுண்டெலிகளில் ஆராயும் குழுவில் பணியாற்றினார்.

அவருடைய பெருங்கண்டுபிடிப்பு அந்த ஆய்வின் நேரடி இலக்காக இருக்கவில்லை. பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் அமைந்த ஒரு திரிபு மரபணுவால் பெண் சுண்டெலிகளின் மயிரில் இருவேறு நிறத் திட்டுகள் தோன்றுவதுண்டு. அதே திரிபு ஆண் கருவைப் பெரும்பாலும் பிறக்குமுன்பே கொன்றுவிடும். ஆனால் திட்டுகளோடு உயிர்பிழைத்த ஓர் ஆண் எலி அவர் கவனத்தில் பட்டது. அதன் உடலில் திரிபுற்ற செல்களும் இயல்பான செல்களும் கலந்திருக்க வேண்டும் என்று உணர்ந்தவர், பெண் எலிகளின் திட்டுகளுக்கும் இதுவே காரணமாகலாம் என்று சிந்தித்தார். ஒரே எக்ஸ் குரோமோசோம் உடைய பெண் எலி நலமாக வாழ்ந்து ஈனுகிறது என்பதும், பெண் செல்லில் ஓர் எக்ஸ் இறுகிச் சுருண்டிருப்பதை மரபியலாளர் சுசுமு ஓனோ கண்டதும் 1959இலேயே வெளியாகியிருந்தன. பலரும் அறிந்திருந்த இவற்றைத் தம் எலிகளோடு சேர்த்துப் பார்த்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்பேன்.

அவர் முன்வைத்த விளக்கம் இதுதான்: கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் தந்தைவழி, தாய்வழி எக்ஸ்களில் ஏதேனும் ஒன்று செயலிழக்கிறது. அச்செல்லின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதே தேர்வைத் தொடர்கின்றன. 1961இல் 'நேச்சர்' இதழில் மிகச் சிறிய கட்டுரையாக வெளிவந்த இக்கருதுகோள், கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பூனைகள் ஏன் ஏறத்தாழ எல்லாமே பெண்ணாக இருக்கின்றன என்பதையும், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயின் மரபணுவைச் சுமக்கும் பெண்களிடையே பாதிப்பின் அளவு ஏன் வேறுபடுகிறது என்பதையும் விளக்கியது. மூத்த மரபியலாளர் ஹான்ஸ் குருனபெர்க் பல ஆண்டுகள் இதை எதிர்த்தார். சான்றுகளோ லயன் பக்கமே குவிந்தன.

கட்டுரை வெளிவந்த அடுத்த ஆண்டே ஹார்வெல்லின் மரபியல் பிரிவுக்குத் தலைவரான அவர் 1987 வரை அப்பொறுப்பை வகித்தார். செயலிழப்பு ஒரு மையத்தில் தொடங்கி குரோமோசோம் முழுவதும் எவ்வாறு பரவுகிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் 'லைன்' வரிசைகளே அதற்குத் துணைபுரியலாம் என்ற புதிய கருதுகோளை, ஓய்வுபெற்ற பின்னர், 1998இல் வெளியிட்டார்.