பச்சையைக் காட்டாத திரை

வேளாண் துறையில் பணிக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. சம்பா நடவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டெல்டாவில் ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் உழவர் பயிற்சி. யூரியா தரும் தழைச்சத்தை அளவறிந்து இடுவது பற்றிப் பேச 42 ஸ்லைடுகளோடு போயிருந்தேன்.

பதினேழாவது ஸ்லைடில் இலை வண்ண அட்டை வந்தது. பயிருக்கு யூரியா தேவையா என்பதை இலையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடும் பிளாஸ்டிக் அட்டை அது. வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் இருக்கும். காலை ஒன்பதரை வெயில், திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள், வயதான புரொஜெக்டர். சுவரில் எல்லாப் பச்சையும் ஒன்றுபோல வெளிறிக் கிடந்தன. "வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண், மற்ற ரகங்களுக்கு நான்காம் எண்" என்று நான் சுவரைப் பார்த்தே படித்துக்கொண்டு போனேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து சுவரருகே போய் உற்றுப் பார்த்தார்.

"சார், இதில் மூன்று எது, நான்கு எது?"

எனக்கும் தெரியவில்லை. அசல் அட்டைகள் ஆறு என் பையிலேயே இருந்தன. கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வைத்திருந்தேன்!

"ஐயா, உங்கள் வயல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். கூடத்தின் பின்புறமே இருந்தது. எல்லோரும் வரப்பில் இறங்கினோம். வெயில் இலையில் விழாதபடி உடம்பால் நிழல் கட்டி நின்று, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்துக் காட்டினேன். அதற்குப் பின் என் வேலை குறைந்துவிட்டது. பத்துக் குத்துகளில், அதாவது நாற்றுக் கொத்துகளில், கொத்துக்கு ஓர் இலையாகப் பெரியவரே பார்த்தார். பத்தில் ஆறு இலைகளாவது மூன்றாம் எண்ணைவிட வெளிறியிருந்தால்தான் உரம் இட வேண்டும். அவருடைய பொன்னியில் இரண்டுதான் அப்படி இருந்தன. அன்று மாலை போடுவதற்காக வாங்கி வைத்திருந்த யூரியாவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். மீதி 25 ஸ்லைடுகளை யாரும் கேட்கவில்லை.

அந்த ஸ்லைடுகளை வீட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. ஒன்றில் 'எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அவர்கள் கணக்கு ஏக்கரும் மூட்டையும். ஏக்கருக்கு 26 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல் என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இன்றுவரை அளவுகளைச் சாக்கட்டியால்தான் எழுதுகிறேன். எழுதும் வேகத்தில்தான் கேட்பவர்களும் கணக்குப் போடுகிறார்கள்.

புரொஜெக்டரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. வயலுக்குப் போனாலும் காட்ட முடியாத ஒன்று உண்டு, அது நாள் கடப்பது. புகையான் பூச்சி தாக்கிய ஒரே வயலை, ஒரே வரப்பில் நின்று, பத்து நாள் இடைவெளியில் எடுத்த மூன்று படங்கள் என்னிடம் இருக்கின்றன. முதலில் பசுமை, பிறகு நடுவே ஒரு மஞ்சள் வட்டம், கடைசியில் தீய்ந்துபோன திட்டுகள். அந்த மூன்றை மட்டும், ஜன்னல்களைச் சாக்குப் பைகளால் மறைத்துவிட்டுக் காட்டுகிறேன். காட்டும்போது பேசுவதில்லை.

பூச்சிக்குப் படம் வைப்பதில்லை. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குத்தின் அடியில் பிடித்துத் தூர்களை, அதாவது அதன் தண்டுகளை, தட்டினால், நீர் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் பழுப்புப் பூச்சிகள் தட்டில் விழுந்து மிதக்கும். கூடத்தில் எப்போதும் பின்வரிசையில் உட்காரும் பெண்கள் இங்கே முன்னால் வந்துவிடுகிறார்கள். நடவிலும் களையெடுப்பிலும் பயிருக்குள் குனிந்து நிற்பவர்கள் அவர்கள்தானே. என் ஸ்லைடுகள் அவர்களுக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

சென்ற பயிற்சியில் ஓர் அம்மா பத்துக் குத்துகளைத் தட்டி எண்ணினார். தூருக்கு ஒன்றரைப் பூச்சிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. "ஒன்றைத் தாண்டிவிட்டது, மருந்து அடிக்க வேண்டியதுதான்" என்றார் பக்கத்தில் நின்றவர். அந்த அம்மா தட்டைச் சாய்த்து, விளிம்பில் ஏறிக்கொண்டிருந்த, பூச்சியைத் தின்னும் சிலந்தியைக் காட்டினார்.

"குத்துக்கு ஒன்று இருக்கிறது. சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம் என்றுதானே சார் சொன்னார்?"

தட்டைக் கழுவி வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்கு நடந்தோம்.