கொள்ளையனுக்குக் கிடைத்த கல்லறை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குக் குடிவந்த புதுசில், பக்கத்து வீட்டு மல்பார் அம்மா எங்களை சேன்-போல் ஊரின் கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். மல்பார் என்றால் இங்கே நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம். அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வராது. மாரியம்மன் கும்பிடத் தெரியும்.

அங்கே கூட்டம் நிற்பது ல புஸ் என்கிற கடற்கொள்ளையன் கல்லறைக்கு முன்னால்தான். கறுப்பு எரிமலைக்கல்லில் சிலுவை, அதில் செதுக்கிய மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. அடியில் பாதி ரம் பாட்டில், நாணயங்கள், யாரோ பற்றவைத்துச் சாம்பலாகிப்போன சிகரெட். 1721-இல் கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசியக் கப்பலை இந்தத் தீவிலேயே மடக்கிக் கொள்ளையடித்தவன். 1730-இல் தூக்கிலிட்டார்கள். கல்லறைத் தோட்டமோ 1788-இல்தான் உண்டானது. அப்படியானால் அது அவன் சமாதியே இல்லை. 1944 புயலுக்குப் பிறகு கிடைத்த ஏதோ பழைய கல்லைக் கொண்டுவந்து நட்டார்கள் என்கிறார்கள் ஊரில்.

எனக்கு மனசு கொதித்தது மதிலுக்கு வெளியே வந்தபோது. 2007-இல் கமேத் புயல் மணலை அரித்தபோது அங்கே மனித எலும்புகள் வெளியே வந்தன. அடிமைகளைப் புதைத்த இடம். அழகுக்காக அராவிய பற்களை வைத்து, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களும் அதில் இருந்தார்கள் என்று கண்டறிந்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அவர்கள் விட்ட வேலையைத்தான் நம் சனம் கப்பலேறி வந்து செய்தது. ஆளில்லாத சமாதிக்கு ரம் ஊற்றுகிறவர்கள் பத்தடி தள்ளி இந்தப் பக்கமும் வரலாமே!

இங்குள்ள மல்பார் வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். சம்ப்ளானி என்று பேர். செத்தவருக்குப் பிடித்த சோறு, கறி, ரம், சிகரெட் எல்லாம் இலையில் இருக்கும். நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாள், தீவுக்கே விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சமாதிகளைக் கழுவிப் பூ வைப்பார்கள்.

இந்த வருஷம் சம்ப்ளானியில் அந்த மணலில் கிடப்பவர்களுக்கும் ஒரு இலை போடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "போடலாம் மகளே, என்ன பிடிக்கும் என்றுதான் தெரியாது" என்றார் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். சோறும் பருப்பும் மீன் கறியும் நான் சமைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.