மூக்கோர மடிப்பு: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 2
மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்பை நிரப்பத் தோலுக்கடியில் வைக்கிற ஈபிடிஎஃப்இ (துளையுள்ள டெஃப்லான்) இழை வந்துவிட்டது. சிலிக்கோன் ஏன் வேண்டாம் என்று இன்றும் கேட்டார்கள். சிலிக்கோனில் துளை இல்லை. சதை உள்ளே வளராது, சுற்றிலும் உறை மட்டும் கட்டும். தாடை எலும்பின்மேல் அது நன்றாக உட்காரும். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் அசைகிற மடிப்பில் உறை சுருங்கும், துண்டு நகரும்.

அக்டோபர் 4
இழைக்குள் நிற்கும் காற்றுதான் கவலை. இழையின் துளைகள் 10 முதல் 30 மைக்ரான். ஸ்டாஃப் கிருமி ஏறக்குறைய 1 மைக்ரான், தாராளமாக நுழையும். அதைத் தின்ன வரும் நம் உடம்பின் காவல் செல், மேக்ரோபேஜ், 20 மைக்ரான் போல, வாசலிலேயே திணறும். அதனால் கிருமிக்கு முன் மருந்து போய்ச் சேர வேண்டும். கிண்ணத்தில் ஊறப்போட்டால் போதாது, இந்தப் பொருள் தண்ணீரை ஒட்டவிடாது. 50 மில்லி சிரிஞ்சுக்குள் இழை, ஆன்டிபயாடிக் கரைசல். காற்றை வெளியே தள்ளி, நுனியை விரலால் அடைத்து, பிஸ்டனை இழுக்க வேண்டும். பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பும். விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை மங்கி, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஆகும். மிதந்த இழை அடியில் போய்ப் படுக்கும். பாதி வெள்ளையாக இருக்கும் இழை மேசைக்குப் போகவே கூடாது.

அக்டோபர் 5
பவுடர் இல்லாத கையுறை. பஞ்சு கிட்டவே வரக் கூடாது.

அக்டோபர் 7
நோயாளியை உட்காரவைத்துத்தான் மடிப்பில் கோடு போட்டாயிற்று. படுத்தால் மடிப்பு பாதி மறையும், மரப்பு ஊசி மருந்து ஏறினால் மீதியும். இழை தோலுக்கடியில், கொழுப்புக்குள். மேலே வந்தால் கயிறு மாதிரித் தெரியும். இழுத்து நீட்டி வைத்தால் பிறகு சுருங்கும். முனைகளைச் சரிவாகச் சீவி, தையலை விட்டு உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வலது சுத்தம். இடது முனை தையலுக்குக் கொஞ்சம் கிட்டத்தான்.

அக்டோபர் 8
வீக்கம். இரு பக்கமும் ஒரே அளவு.

அக்டோபர் 10
"அக்கா, தீபாவளிக்கு முறுக்கு கடிக்கலாமா?" என்றார் நோயாளி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பலகாரக் கடை, கேட்கத்தான் செய்வார். வேண்டாம்மா. சதை துளைக்குள் வளர்ந்து பிடிக்கும்வரை வாய் அதிகம் அசையக் கூடாது. கஞ்சி, இட்லி. ஸ்ட்ராவும் வேண்டாம்.

அக்டோபர் 12
இடது முனை சிவப்பு. ஆறுகிற சிவப்பு நாளுக்கு நாள் மங்கும், தொட்டால் சுடாது. இது சுடுகிறது. விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாயிற்று. கிருமி துளைக்குள் குடியேறிவிட்டால் மாத்திரை எட்டாது, இழையை எடுத்தே ஆக வேண்டும். இப்போதென்றால் உருவிவிடலாம். மாதக்கணக்கில் தள்ளினால் சதையோடு பிய்த்துத்தான்.

இரவு 9. கோட்டைத் தாண்டவில்லை.

அக்டோபர் 13
காலை 7. தாண்டிவிட்டது, 2 மில்லிமீட்டர். டாக்டரிடம் சொல்லியாயிற்று, ட்ரே தயார். எடுத்ததும் ஒரு துண்டு கல்ச்சருக்கு, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க. மீதியைக் குறுக்கே வெட்டி, நடுவில் காற்று தங்கிய வெள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.