சொட்டும் கிளாண்டும் சொட்டாத சீலும்

கிணற்றுப் பம்பில் சுழலும் தண்டான ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டால், உடனே ஸ்பேனரை எடுத்து, கசிவை அடைக்கும் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் மூடியான கிளாண்டின் நட்டை இறுக்கிவிடுவது மதுரை மாவட்டத்து எங்கள் வாடிப்பட்டி வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு உள்ள பழக்கம். பம்பின் ஆயுளைக் குறைப்பதில் இதற்கு ஈடான வேறொரு பழக்கத்தை நான் கண்டதில்லை. கிளாண்ட் கயிறு போட்ட பம்பு ஓடும்போது சொட்டத்தான் வேண்டும். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஷாஃப்டைச் சுற்றியுள்ள குழிக்குள் சதுர வடிவக் கயிற்றை வளையம் வளையமாக வைத்து, வெளியிலிருந்து கிளாண்டால் அழுத்துகிறோம். ஷாஃப்டின் மேல் மாட்டிய உலோக உறையான ஸ்லீவ் சுழலும்போது அதன் மீது கயிறு உரசிக்கொண்டே இருப்பதால் சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோவதும், உரசும் இடத்தை ஈரமாக வைத்திருப்பதும் கசிந்து வரும் அந்தத் தண்ணீர்தான். சாதாரணப் பம்புகளுக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை பொதுவான கணக்காகச் சொல்லப்படுகிறது. அதையும் நிறுத்திவிட்டால் கயிற்றில் ஊறியுள்ள மசகு உருகி வெளியேறி, கயிறு கருகிக் கட்டையாகி, ஸ்லீவில் வரிவரியாகப் பள்ளம் போட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல கயிற்றைப் போட்டாலும் அந்தப் பள்ளங்களின் வழியாகத் தண்ணீர் வரும். மறுபடியும் இறுக்குவோம், பள்ளம் இன்னும் ஆழமாகும். கயிறு மலிவு, ஸ்லீவ் மலிவன்று.

கயிற்றின் அளவைக் கடைக்காரரின் கைக்கணக்குக்கு விட்டுவிடக் கூடாது. குழியின் உள் விட்டத்திலிருந்து ஸ்லீவின் விட்டத்தைக் கழித்து, வருவதைப் பாதியாக்கினால் கயிற்றின் தடிமன் கிடைத்துவிடும். குழி 50 மி.மீ., ஸ்லீவ் 30 மி.மீ. என்றால் 10 மி.மீ. கயிறு. பழைய வளையங்களின் மேலேயே புதிதாக ஒன்றைச் செருகிச் சமாளிப்பது பரவலாக நடக்கிறது. அடியில் கிடக்கும் கட்டையான வளையம் இறுக்கத்தை வாங்கிக்கொள்ளாததால், வெளி வளையம் மட்டுமே நசுங்கித் தேயும். ஆகவே அனைத்தையும் நோண்டி எடுத்துவிட வேண்டும். ஸ்லீவின் அளவுள்ள குழாய்த் துண்டில் கயிற்றைச் சுற்றித் தனித்தனி வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, ஒரு வளையத்தின் வெட்டுவாய்க்கும் அடுத்ததன் வெட்டுவாய்க்கும் இடையே கால் சுற்று விலகல் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முழுக் கயிற்றையும் ஸ்பிரிங் போலச் சுற்றி உள்ளே விடுவது வேலையை விரைவில் முடிக்கும். தண்ணீருக்கும் வளைந்து வர நல்லதொரு பாதையைப் போட்டுக் கொடுக்கும்.

முதலில் நட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். எங்கள் ஊர் மெக்கானிக் இதில் மிகவும் கண்டிப்பானவர். “அண்ணே, மொத அரை மணி நேரம் நல்லா ஊத்தட்டும், கை வைக்காதீங்க. கயிறு உக்கார வேணாமா?” என்பார். அதன் பிறகும் நட்டின் ஒரு பட்டை அளவு, அதாவது ஆறில் ஒரு பங்குச் சுற்று மட்டுமே, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி, இடையில் சில நிமிடங்கள் ஓடவிட்டு இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் கிளாண்ட் சாய்ந்து ஸ்லீவிலேயே உரசும்.

கிணற்றுத் திட்டில் வைத்த பம்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிறது. காற்றழுத்தத்தின் கணக்குப்படி 10.3 மீட்டர் வரை ஏற வேண்டிய தண்ணீர் நடைமுறையில் ஆறேழு மீட்டருக்கு மேல் ஏறுவது கடினம். இப்படி உறிஞ்சும் பம்பில் கயிறு காய்ந்திருந்தால், தண்ணீர் வெளியே வருவதற்கு மாறாகக் காற்று உள்ளே போகும். பம்பு தண்ணீர் இழுப்பதை விட்டுவிடும். நாம் உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட் வால்வைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஓடும்போதே கிளாண்டின் மீது ஒரு குவளைத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிப் பாருங்கள். ஊற்றும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் கூடினால் குற்றவாளி கிளாண்ட்தான். சில பம்புகளில் கயிற்று வளையங்களுக்கு நடுவே துளைகளுள்ள உலோக வளையம் ஒன்று இருக்கும்; பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் டெலிவரிப் பக்கத்திலிருந்து வரும் சிறு குழாயின் தண்ணீர் அதன் வழியாகச் சுற்றிலும் பரவிக் காற்றை அடைக்கிறது. கயிறு மாற்றும்போது அவ்வளையம் குழாய்த் துளைக்கு நேராக அமைகிறதா என்று பார்க்க வேண்டும். நேராக அமையாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, மெக்கானிக்கல் சீல் போட்டால் சொட்டவே சொட்டாதே என்று கேட்பார்கள். கண்ணாடி போல் வழவழப்பான இரண்டு முகங்கள், பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றொன்று செராமிக், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க, ஒன்று நிற்கும், மற்றொன்று ஷாஃப்டோடு சுழலும்; இடையில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம். அப்படலம் இல்லாமல் போனால் சீலுக்கு ஆயுள் இல்லை. இங்கேதான் நம் ஊர் நிலைமையைப் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரம் நம் கையில் இல்லாததால் மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். புட் வால்வ் கசிந்து குழாய் காலியாகியிருந்தால், நள்ளிரவில் மோட்டார் தண்ணீரில்லாமல் வறட்டு ஓட்டம் ஓடும். காய்ந்த முகங்கள் சூடேறி, செராமிக் வெடித்துவிடக்கூடும். கிளாண்ட் கயிறும் அப்போது கெடும். ஆயினும் காலையில் ஒரு பட்டை இறுக்கியோ, புதுக்கயிறு போட்டோ அன்றைய பாய்ச்சலை முடித்துவிடலாம். சீலை மாற்றப் பம்பையே பிரிக்க வேண்டும். ஆகவே திட்டில் உறிஞ்சி ஓடும் பம்புக்குக் கயிறு, எப்போதும் தண்ணீர் நிறைந்தே நிற்கும் தொட்டிப் பம்புக்கு மெக்கானிக்கல் சீல் என்பது என் முடிவு. சீல்தான் வேண்டும் என்போர் வறட்டு ஓட்டத்தைத் தடுக்கும் ரிலேயையும் சேர்த்தே வாங்க வேண்டும். பொருத்தும்போது முகங்களை விரலால் தொடாமல், ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் தடவுவது நல்லது; சில வகை ரப்பர் கிரீஸ் பட்டால் உப்பிவிடும்.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் என் மைத்துனரிடம் இதைப் பற்றிப் பேசுவதுண்டு. இன்ஜின் பொருத்திய பாய்மரப் படகானாலும் விசைப்படகானாலும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அடிப்பகுதியைத் துளைத்து வெளியேறும் இடத்தில் இதே கயிறுதான், அல்லது இதே கார்பன் முகம்தான். ஆனால் அங்கே வெளியில் நிற்பது கடல். நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டுப் போதும். படகு நிற்கும்போது அதுவும் கூடாது. கயிறில்லாத, சொட்டாத வகை சீலில் முகத்தை அழுத்திப் பிடிக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், அதாவது பெல்லோஸ், கிழிந்தால் படகே மூழ்கலாம் என்பதால், பார்க்க நன்றாக இருந்தாலும் வயது பார்த்து அதை மாற்றிவிட வேண்டும். படகைக் கரையேற்றி மீண்டும் நீரில் இறக்கியதும் அந்தப் பெல்லோஸை அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள்; இல்லையேல் முகங்கள் காய்ந்து ஓடும். கிராஃபைட் கயிற்றைக் கடல்நீரில் பயன்படுத்தினால் ஷாஃப்ட் உலோகத்தை அரிக்கும் என்ற பேச்சும் அங்கே உண்டு. நம் கிணற்றுத் தண்ணீரில் அந்த அச்சம் பெரிதில்லை.

பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பகுதியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணற்றுப் பம்புகள் சும்மா கிடக்கும். அப்போது கயிறு காய்ந்து ஸ்லீவோடு ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் ஓட்டுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கிளாண்ட் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஷாஃப்டைக் கையால் சில சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்ற மறுத்தால் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் கயிற்றை மாற்றிவிடுவதே நல்லது.