பிரஷ்ய வாளா? முதுகைப் பாருங்கள்

பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் 1889 மாடல் குதிரைப்படை வாள் ஏலத்துக்கு வந்தால், கைக்காப்பில் உள்ள கழுகைப் பார்த்து மயங்காதீர்கள். கழுகை யாரும் வார்த்துவிடலாம். வாள் அலகின் முதுகை, அதாவது கூரில்லாத விளிம்பை, திருப்பிப் பாருங்கள். படைக்கு வழங்கிய வாளில் கிரீடம், அதன் கீழ் 'டபிள்யூ', அதற்கும் கீழ் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். 91 என்றால் 1891. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியவற்றில் இது பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

கைக்காப்பிலும் உறையிலும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) முத்திரை வேறு வேறாக இருந்தால், உறை பெரும்பாலும் வேறொரு வாளுடையது. விலையைக் குறைத்துக் கேளுங்கள். முத்திரையை லென்ஸில் பாருங்கள்: சமீபத்தில் அடித்ததென்றால் பள்ளம் பளபளக்கும், விளிம்பில் பிசிர் நிற்கும். பழையதில் பள்ளத்துக்குள்ளும் அதே கறுப்பு ஏறியிருக்கும். பிடியின் உச்சியில், பிடிக்குள் ஓடும் அலகின் வாலை அடித்து மடக்கிய இடத்தில் புதுச் சுத்தியல் தடம் தெரிந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பாலிஷ் போட்ட வாள் வேண்டவே வேண்டாம். பார்க்க வேண்டிய முத்திரையே அதில் பாதி தேய்ந்திருக்கும்.